ஊதா நூல்

"ஊதா இல்லையா தம்பி?"

நுவரெலியா கம்பளிக் கடை வரிசையில் அம்மா நாலாவது ஆளிடம் கேட்டார். கையில் ஐந்து நூல் பந்துகள். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம்.

சனிக்கிழமை நான் கொழும்பில், ஒரே பாலினத்தாரை நேசிப்பவர்களும் திருநர்களும் நடத்தும் பிரைட் ஊர்வலத்தில் நடந்தேன். இரவு கோச்சி பிடித்து நானுஓயாவில் இறங்கியதும் அம்மாவிடம் போட்டோக்களைக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்த வானவில் கொடியை மட்டும் விரலால் பெரிதாக்கி நிறங்களை எண்ணினார். அப்புறம், "வா, நூல் வாங்கணும்" என்றார்.

கடைக்காரப் பையன் கொஞ்சம் யோசித்தான். பாதி பின்னிய ஒரு குழந்தைத் தொப்பியை எடுத்து, ஊதா வரியை மட்டும் பிரித்து, முழங்கையில் சுற்றிக் கொடுத்தான். சுருள் சுருளாக, இன்னும் தொப்பியின் நினைவோடு இருந்தது அந்த நூல்.

1978இல் சான் பிரான்சிஸ்கோவில் முதலில் பறந்த வானவில் கொடியில் எட்டு நிறங்கள். இளஞ்சிவப்புத் துணி போதிய அளவு கிடைக்காததால்தான் அந்த நிறம் போனது. நம் கொடிக்கும் ஒரு நிறம் குறைந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்துவிட்டேன்.

1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில், ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது. கொழும்பில் நடக்கும்போது அதுதான் மனதில் ஓடியது. இங்கே, கொழுந்து பறித்துக் கறுத்த அம்மாவின் விரல்கள் ஆறு நிறங்களையும் பிடித்திருந்தபோது, அது நினைவுக்கே வரவில்லை.

இப்போது லயத்து வாசலில் மழை. அம்மா மஞ்சள் வரிக்கு வந்துவிட்டார்.

"கழுத்துக்கா, தலைக்கா?" என்று கேட்டார்.

கழுத்துக்கு, அம்மா.