வாகைக்குளத்து ஓடுதளமும் என் 204 மணி நேரமும்

2025 ஜூலை 27, ஞாயிறு

தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் நேற்றிரவு வாகைக்குளத்தில் திறந்துவைத்தார். 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் இப்போது 3,115 மீட்டர். சிறிய ஏடிஆர் விமானங்கள் வந்துபோன இடத்தில் இனி ஏர்பஸ் ஏ320 இறங்க முடியும். பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்திருந்த அத்தை, "இனி ஒனக்கு வேலைக்கு என்னட்டி கொறச்சல்?" என்று கேட்டார். வணிக விமானி உரிமமும் 204 மணி நேரப் பறத்தலும் கையில் வைத்துக்கொண்டு பதினான்கு மாதங்களாகக் காத்திருக்கும் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. அந்த எண்களை நம்பித்தான் என்னைப் போன்ற பலர் பயிற்சிக்குப் போனோம். ஆனால் ஆணையிட்ட விமானங்கள் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே வந்து சேரும். அதைவிட முக்கியமானது, எந்த இருக்கைக்கு ஆள் குறைவு என்பது. கேப்டனாவதற்கு வேண்டிய உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வணிக உரிமத்துக்கோ 200 மணி நேரம் போதும். ஆகவே விமானி பற்றாக்குறை என்று செய்தி வரும் அதே வேளையில், துணை விமானி இருக்கைக்கு நீண்ட வரிசை நிற்பதில் முரண் எதுவும் இல்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் சேவையை நிறுத்தியபோது, ஏ320 ஓட்டிப் பழகியவர்களும் அந்த வரிசைக்கு வந்தார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தாமிரபரணியில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில், கார்ப் பருவ நெற்பயிர் நிற்கும் வயலைக் காட்டி அப்பா, "இத வித்தா அந்த ஏர்பஸ் படிப்பு முடிஞ்சிருமாட்டி?" என்று கேட்டார். முடிந்துவிடும் என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தகுதி தரும், டைப் ரேட்டிங் எனப்படும் அந்தப் பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். பெற்ற பின் பறக்காமல் இருந்தால் திறன் மங்கும், மறுபடியும் சிமுலேட்டர் என்னும் பாவனை விமானத்தில் பழகப் பணம் கட்ட வேண்டும். வேலைக் கடிதம் வரும் முன் வயலை விற்பது என் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

என் நிலையையும் மறைக்காமல் எழுதுகிறேன். உரிமத் தேர்வின் வானிலையியல் தாளில் தேர்ச்சிக்கு வேண்டிய 70 விழுக்காடு எடுக்க எனக்கு இரண்டு முயற்சிகள் தேவைப்பட்டன. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடி மேலக்காற்றில் வளர்ந்தவளுக்கு அது இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. விமானங்கள் காற்றை எதிர்த்து ஏறி இறங்குவதால், வாகைக்குளத்து ஓடுதளம் கிழக்கு மேற்காக அமைந்திருப்பதன் பொருள் அந்தக் காற்றை அறிந்தவர்களுக்குத் தெரியும். கண் பார்வையும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் நன்றாக உள்ளன. சிமுலேட்டர் தேர்வில் கை தடுமாறாது என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

டைப் ரேட்டிங்கைத் தள்ளிவைத்து, உதவிப் பயிற்றுநர் தகுதிக்கு விண்ணப்பித்துவிட்டேன். மாணவர்களுக்குக் கற்பித்தபடியே மணி நேரமும் சேரும், வானிலைப் பாடமும் என் வாயிலேயே இருக்கும். விமான நிறுவனத்தின் அடுத்த தேர்வு அறிவிப்புக்கு 204-ஐ விடப் பெரிய எண்ணோடு போவேன். அப்பாவிடம், "வயல் இருக்கட்டும்ப்பா, பிசானத்துக்கு நாத்துப் பாவுங்க" என்று சொன்னேன்.