பன்னிரண்டு பேரின் ரத்தம்

2025 அக்டோபர் 6, திங்கள்

மருத்துவ நோபல் இந்த முறை எங்கள் நோய் எதிர்ப்பியல் துறைக்கு. நம் உடம்பை நம் செல்களே தாக்காமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டரி டி செல்களைக் கண்டவர்கள்: மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. முதல் இருவரின் 2001 வேலையை ராத்திரி மறுபடி படித்தேன். நோயுற்ற எலியின் எக்ஸ் குரோமோசோமில் ஏறத்தாழ 5 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்குள் இடத்தைச் சுருக்கி, அங்கிருந்த 20 ஜீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். கடைசி ஜீனில்தான் பழுது இருந்தது. ஃபாக்ஸ்பி3.

போன மாத நேர்காணலில் "நீங்க பயாலஜியா, கம்ப்யூட்டரா? ஒண்ணைச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். ரெண்டும்தான் என்றேன். அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

அக்டோபர் 8, புதன்

காசநோயாளிகள் 12 பேரின் ரத்தம், மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்தது. ஒவ்வொரு செல்லிலும் எந்த ஜீன்கள் இயங்குகின்றன என்று காட்டும் சிங்கிள் செல் டேட்டாவை, ஒத்த செல்களைப் பக்கம்பக்கமாக வைக்கும் யூமேப் படத்தில் போட்டால், மோனோசைட்டுகளை (ஒரு வகை வெள்ளை அணு) ஒட்டி ஒரு தனித்தீவு. புதுச் செல் வகையோ என்று நெஞ்சு படபடத்தது. அங்கே தூக்கலாக இருந்த ஜீன்களை எடுத்தேன். ஃபாஸ், ஜுன், ஹீட் ஷாக் ஜீன்கள். உற்சாகம் அப்படியே இறங்கிவிட்டது. செல் அவதிப்படும்போது ஏறுகிற ஜீன்கள் இவை. நோய் கொடுத்த அவதியா, நாம் கொடுத்ததா? கம்ப்யூட்டர் கோடு அதைச் சொல்லாது.

ஆள் வாரியாகப் பிரித்தேன். மூன்றே பேருடைய செல்கள்.

அக்டோபர் 9, வியாழன்

காலையிலேயே லேபில் ரத்தம் பிரிக்கும் அக்காவோடு போய் நின்றேன். செல்களைப் பிரிக்க உதவும் ஃபைகால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் ரத்தத்தைக் குழாயின் ஓரமாகச் சாய்த்து, துளித்துளியாக வழியவிடுவார். ரெண்டும் கலக்கவே கூடாது. பிறகு சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் 400 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு) 30 நிமிடம் சுழற்சி, பிரேக் போடாமல். மெஷின் நின்றதும் நடுவில் பாலாடை மாதிரி வெள்ளை வளையம். எனக்கு வேண்டிய செல்கள் அத்தனையும் அந்த வளையத்தில்தான்.

"தாமசமா வந்த ரத்தம்னா இந்த வளையம் இப்புடி நிக்காது. செவப்பு கலந்துரும். அன்னைக்கு மழைல வந்துச்சுல்ல மூணு, அதுக அப்படித்தான் இருந்துச்சு."

ரிஜிஸ்டரைப் புரட்டினோம். காலை 9.40க்கு எடுத்தது, மாலை 3.15க்கு வந்திருக்கிறது. அதே மூன்று பேர். செல்களின் அவதி, ரத்தம் காத்துக்கிடந்ததில் வந்ததுதான். அக்காவுக்கு அன்றைக்கே தெரிந்த விஷயம் என் ஸ்க்ரீனுக்கு வர இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லையே!

அக்டோபர் 14, செவ்வாய்

ப்ராஜெக்ட் மார்ச்சோடு முடிகிறது. ஆர்ஏ-1 (ரிசர்ச் அசோசியேட்) வேலைக்கு மாதம் 58,000 ரூபாய், வாடகைப் படி தனி. அதற்கப்புறம் என்ன என்று அம்மா கேட்கிறாள். "டாக்டர் பட்டம் வாங்கியும் இன்னும் படிச்சுக்கிட்டே இருந்தா எப்புடிம்மா?" பதில் இல்லை. ஃபெல்லோஷிப் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழு, நம் பக்கத்துக் காசநோயாளிகளிடம் ஹெச்எல்ஏ-டிஆர்2 (கிருமித் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் ஹெச்எல்ஏ புரதங்களில் ஒரு வகை) கூடுதலாக இருப்பதை 1991ல் எழுதியது. அன்று ஆன்டிசீரம் (ஆன்டிபாடி உள்ள ரத்தநீர்) வைத்து டிஆர்2 என்று ஒரே பெயரில் கண்டதை, இன்று சீக்வென்ஸ் பார்த்து டிஆர்15, டிஆர்16 என்றும், அவற்றுக்குள் இன்னும் பலவாகவும் பிரிக்கிறோம். எந்த வகை உள்ளவரிடம் எந்த டி செல்கள் பெருகுகின்றன? இதைத்தான் கேட்டிருக்கிறேன். "பயாலஜியா, கம்ப்யூட்டரா" என்பவர்களுக்கும் இந்த ஒரு பக்கம்தான் என் பதில்.

அக்டோபர் 18, சனி

மூன்று பேரையும் நீக்கி ஓட்டினேன். தீவு காணாமல் போனது. மீதி ஒன்பது. அந்த மூவரும் மருந்து தொடங்கிவிட்டார்கள், மருந்துக்கு முந்தைய ரத்தம் இனிக் கிடைக்காது. நோயோடு வந்து கை நீட்டிக் கொடுத்தவர்கள். நினைக்க நினைக்கக் கஷ்டமாக இருக்கிறது.

இன்று ஒரு புது நோயாளி. ஐஸ் வைக்காத பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு நானே போனேன். காளவாசலில் தீபாவளிக் கூட்டம். 10.05க்கு எடுத்த ரத்தம் 10.55க்கு நாகமலையில் அக்கா கையில். ரிஜிஸ்டரில் ரெண்டு நேரத்தையும் எழுதினேன், டேட்டா ஷீட்டிலும் அதற்குப் புதுசாக ரெண்டு நெடுவரிசை போட்டேன்.