துணைக்கால் இல்லாத கோழி

என் மகனிடம் "கோழி" என்று எழுதச் சொன்னால் "கேழி" என்றுதான் எழுதுவான். துணைக்கால் விட்டுப்போகும், புள்ளி ஓடிப்போகும். கரும்பலகையைப் பார்த்து எழுத ஆரம்பித்தால் பாதியிலேயே மணி அடித்துவிடும். ஆனால் தறியில் பாவு நூல் அறுந்தால் என்னைவிட வேகமாகப் பிணைப்பான். மீட்டருக்கு இவ்வளவு என்று சொன்னால் போதும், வாரக் கூலியை வாயிலேயே கணக்குப் போட்டுவிடுவான். அதனால் எங்களுக்கு அவன் சோம்பேறி என்றே தோன்றியது. அடி வாங்கியிருக்கிறான், என் கையாலும்தான்.

முதலில் படித்த தனியார் பள்ளியில் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பல்லடம் பக்கம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். வட்டார வள மையத்திலிருந்து அங்கே ஒரு சிறப்புப் பயிற்றுநர் வருவார். என் மகனின் நோட்டை நாலு பக்கம் புரட்டிப் பார்த்தவர், "இது சோம்பேறித்தனம் இல்லீங்க்கா, கற்றல் குறைபாடு மாதிரி தெரியுது. மருத்துவ முகாமுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டில் மாமியார் ஒரே பிடியாக நின்றார். "கையும் காலும் நல்லா இருக்கற பையனுக்கு ஊனம்னு காயிதம் வாங்குவியா அம்மிணி? நாளைக்கு ஆரு பொண்ணு குடுப்பாங்க?" எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, அதில் இதுவும் ஒன்று என்று அந்தப் பயிற்றுநர் வீட்டுக்கே வந்து விளக்கினார். மாமியார் காபி போட்டுக் கொடுத்தார், சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை.

முகாமுக்கு ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டுப் போனேன். எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று தனித்தனி மேசை. சக்கர நாற்காலியில் வந்த குழந்தைகள், தோளில் தூக்கி வந்த பத்து வயதுப் பிள்ளைகள். என் பையன் அங்கே ஓடி விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த ஒரு ஆத்தா, "உங்க பையனுக்கு என்னங்க கண்ணு?" என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. "எழுத்து வராதுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எம் பேத்திக்கு பேச்சு வராது சாமி" என்றார்.

முகாமிலேயே சான்று கையில் கிடைத்துவிடும் என்று நினைத்துப் போயிருந்தேன். அப்படி இல்லை. முதலில் பார்வையும் காதும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் உளவியலாளரிடம் அறிவுத்திறன் சோதனை, இன்னொரு நாள் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். எட்டு வயதுக்கு மேல்தான் இந்தச் சான்று தருவார்களாம். 14 வயதிலும் 18 வயதிலும் திரும்பச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

எங்களை ரொம்ப அலைய விட்டது ஆஸ்பத்திரி இல்லை, ஆதார்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்தில் பதியப் போனால், ஓடிபி என் வீட்டுக்காரரின் பழைய நம்பருக்குப் போகிறது. அந்த சிம் தொலைந்து மூன்று வருஷம். பையனுக்கு ஐந்து வயதில் புதுப்பிக்க வேண்டிய கைரேகையும் புதுப்பிக்கவில்லை. பள்ளியில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் இன்னொன்று. மூன்றையும் சரிசெய்து முடிப்பதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. இந்த வழியில் போகிற யாரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஆதாரைப் பாருங்கள்.

பயிற்றுநர் மணலில் எழுத வைத்தார், எழுத்து அட்டைகளைக் கலைத்து அடுக்க வைத்தார். வாசிப்பு கொஞ்சம் தேறியது, எழுத்து பெரிதாக மாறவில்லை. 14 வயதில் மறுசோதனை முடித்து, ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புச் சலுகைக்கான தாள்களைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டோம். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒரு ஆசிரியர். ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்குப் பெறவும் வழி உண்டு. ஆங்கிலத்தை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். "எழுதறது நான் இல்லையே, சொல்றதுதானே, சொல்லிக்கறேன்" என்று அவன் மறுத்துவிட்டான்.

சொல்வது லேசு என்று நாங்கள் நினைத்தது தப்பு. அரையாண்டில் அறிவியல் விடையை, "தண்ணி சூடானா ஆவியாப் போயிருமுங்க" என்று சொல்லியிருக்கிறான். எதிரே இருந்த ஆசிரியர் பேனாவை நிறுத்தி, "இப்படியே எழுதட்டுமா?" என்று கேட்டாராம். அதற்கப்புறம் தினமும் ராத்திரி தறி நின்றதும் என்னை எதிரே உட்கார வைத்து விடை சொல்லிப் பழகினான். நான் எழுதினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். என் கையெழுத்தில் அவன் குற்றம் கண்டுபிடித்தான்.

பொதுத்தேர்வில் மற்ற பிள்ளைகள் ஒன்றேகாலுக்கு வெளியே வருவார்கள். இவன் வர இரண்டேகால் ஆகும். முதல் நாள் அது தோன்றாமல் வெறுங்கையோடு வாசலில் நின்றேன், பசியில் முகம் வாடி வந்தான். அடுத்த தேர்விலிருந்து தூக்குப்போசியில் தயிர்சாதம் கொண்டுபோனேன்.

பாஸ் பண்ணிவிட்டான். இப்போது ஐடிஐயில் சேர்ந்திருக்கிறான். சான்று, அட்டை, சலுகை உத்தரவு எல்லாம் ஒரு மஞ்சப்பையில் மாமியாரின் பெட்டிக்குள் இருக்கின்றன, அவரே வாங்கி வைத்துக்கொண்டார். 18 வயதுச் சோதனை பாக்கி இருக்கிறது. ஆதாரில் போன் நம்பரை இப்போதே சரிபார்த்துவிட்டேன்.