திருவிருந்துக்குப் பெயர் கொடுக்கப் போனேன்

வெள்ளிக்கிழமை மதியம், சபை அலுவலகத்தை மூடுவதற்குள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். நாங்கள் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குக் குடிவந்து அது ஐந்தாவது வாரம். ஞாயிறு ஆராதனையில் திருவிருந்து, அதாவது கிறிஸ்துவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு, உண்டு என்று கோயில் கதவில் ஒட்டியிருந்தார்கள். சொல்ல வேண்டியதை ஜெர்மனில் ஒரு தாளில் எழுதி வைத்து, டிராமில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்: "நானும் என் கணவரும் திருவிருந்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும்."

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஞானஸ்நானமா என்று கேட்டார். இல்லை என்றேன். சபையில் சேர வேண்டுமா? அதுவும் இல்லை. இந்த ஊரில் குடியிருப்பைப் பதிவு செய்தபோதே மதம் என்ற கட்டத்தில், மார்ட்டின் லுத்தர் வழிவந்த சபையான லுத்தரன் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வருமான வரியில் 9 சதவீதத்தைச் சபை வரியாகச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் எதற்குப் பெயர்? ஒருவழியாக நான் கேட்பது புரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அதெல்லாம் வேண்டாம், அப்படியே வாருங்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டே இருந்தது. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஊரில் நம் லுத்தரன் சபையில் கேட்பார்களே. போதகருக்குத் துணையாக இருக்கும் உபதேசியாரின் நீள நோட்டில் குடும்பம் குடும்பமாகப் பெயர் ஏறும். அப்பா, அம்மா, அதன் கீழே, விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் திடப்படுத்தல் முடிந்த பிள்ளைகள். என் பெயர் முதன்முதலாக அதில் ஏறிய அன்று, உபதேசியார் எழுதி முடிக்கும்வரை பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. முழங்காலில் நின்று பாவ அறிக்கை. வீட்டுக்கு வந்தால் அம்மாவின் வெள்ளைச் சேலை மடித்துத் தயாராக இருக்கும். விடிந்தால் காப்பி கிடையாது, பச்சைத் தண்ணீர்கூட ஒரு மிடறுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் உண்மையான ஆயத்தம் அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிடும். பாட்டி இறந்த பிறகு அவளுடைய பித்தளை அண்டா யாருக்கு என்பதில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. குழாயடியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த மாதம் பெயர் கொடுத்துவிட்டு வந்த அம்மா சமையலில் கை ஓடாமல் இருந்தாள். சனிக்கிழமை நாலு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெரியம்மா வீட்டுப் படியில் ஏறவில்லை, கீழேயே நின்றாள்.

"அக்கா, நாளைக்குத் திருவிருந்து. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானும் பேர் குடுத்திருக்கேன்டி. எப்படிப் போறதுன்னுதான் உக்காந்திருக்கேன். உள்ள வா" என்றாள். அண்டா பெரியம்மா வீட்டிலேயே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அதில்தான் எல்லாருக்கும் வெந்நீர் காய்ந்தது.

லைப்சிக்கில் அந்த முதல் ஞாயிறு வெறும் வயிற்றோடு போனோம். பீடத்தைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். முழங்கால்படி இல்லை. பக்கத்திலிருந்த பெரியவர் நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கிண்ணத்தில் வேண்டியவர்களுக்கு ஒயின், வேண்டாதவர்களுக்குத் திராட்சைச் சாறு. எல்லாம் அமைதியாக, அழகாகத்தான் நடந்தது. என் முறை வந்தபோது போதகர் அப்பத்தை உள்ளங்கையில் வைத்து, "கிறிஸ்துவின் சரீரம், உனக்காகக் கொடுக்கப்பட்டது" என்றார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கடையில், வங்கியில், வேலையில் எல்லாரும் என்னை 'ஸீ' என்று மரியாதைப் பன்மையில்தான் அழைத்தார்கள். 'நீ' என்று முதலில் சொன்னது அந்தப் பீடம்தான். 'உங்களுக்காக' என்ற அந்தச் சொல்லுக்கு விசுவாசிக்கிற இருதயம் ஒன்றே போதும் என்று சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் பாடநூலில் லுத்தர் எழுதியதைத் திடப்படுத்தல் வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். அது என்னையே குறித்த சொல் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. உபவாசமும் சரீர ஆயத்தமும் நல்ல வெளி ஒழுக்கம்தான், ஆனால் தகுதி விசுவாசத்தில் இருக்கிறது என்பதும் அதே பாடத்தில்தான் வருகிறது. என் கணவர் அதைத்தான் எடுத்துக் காட்டினார். சரி, ஒத்துக்கொள்கிறேன். காப்பி விஷயத்தை விட்டுவிட்டேன்.

பெயர் விஷயத்தைத்தான் விட முடியவில்லை. ஏனென்றால் அது நாமாகச் சேர்த்துக்கொண்ட வழக்கம் இல்லை. லுத்தரன் சபைகளின் அடிப்படை விசுவாச அறிக்கையான, 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையிலேயே, முன்னதாக விசாரித்து மன்னிப்புக் கூறப்பட்டவர்களுக்கே திருவிருந்து கொடுப்பது எங்கள் வழக்கம் என்று இருக்கிறது. இதே லைப்சிக்கின் தோமா கோயிலில், திருவிருந்தில் பங்குபெற்றவர்களின் பழைய பதிவேடுகளில் இசைமேதை பாக்கின் பெயர் இருக்கிறது. அவரும் பெயர் கொடுத்திருக்கிறார்! 1706இல் ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பின்னாளில் இந்த ஊரிலிருந்தே மிஷனெரிகள் வந்தார்கள். தாத்தா 'லீப்சிக் மிஷன்' என்று சொல்லும்போது அது ஏதோ நம் தாலுகாவில் இருக்கிற ஊர் மாதிரி இருக்கும். இங்கிருந்து கப்பலேறி நம்மிடம் வந்த நோட்டு அங்கே இருக்கிறது, இங்கே இல்லை. நான் தேடிப் போனது இவர்கள் வைத்துவிட்டுப் போன பொருளை.

இரண்டு வருடம் ஆகிறது. பழகிவிட்டது என்று அம்மாவிடம் ஃபோனில் சொல்கிறேன். மழைக்கோட்டுப் பெரியவர் எங்களுக்கு இடம் பிடித்து வைக்கிற அளவுக்குப் பழக்கம்தான். ஆனாலும் சனிக்கிழமை நாலு மணியானால் கை தானாக இஸ்திரிப் பெட்டியைத் தேடுகிறது.

ஆறுதலாக ஒன்று கிடைத்தது. நவம்பரில் ஒரு புதன்கிழமை, மனந்திரும்புதலுக்கும் ஜெபத்துக்கும் என்றே ஒரு நாள். ஜெர்மனியின் மற்ற மாநிலங்களில் 1995இல் அதற்கு அரசு விடுமுறை எடுபட்டுப் போனது. லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் மட்டும் நிற்கிறது. அதற்கு ஈடாக இங்கே வேலை செய்கிறவர்கள் முதுமையிலும் நோயிலும் கவனிப்புக்கான பராமரிப்புக் காப்பீட்டுக்குக் கூடுதலாகக் கட்டுகிறார்கள். நானும் கட்டுகிறேன், மனமாரக் கட்டுகிறேன். போன வருடம் அன்றைக்குப் பாவ அறிக்கையோடு திருவிருந்து நடந்தது. போதகர் கேள்வி கேட்டார், சபை "ஆம்" என்றது. கேட்டார்கள்!

இந்த வருடமும் அந்த நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரை மணி, ஊரில் இரவு பத்து. பெரியம்மா மகளுக்கு ஃபோன் போட்டேன். விமானம் ஏறும் முன் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தவள் நான். ஒரு சின்ன வார்த்தையில் தொடங்கிய கோபம், இரண்டு வருடமாக அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு எங்களுக்குத் திருவிருந்து" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்:

"பேர் குடுத்துட்டியாடி?"