கெங்கன் மகன் முனுசாமி: நேட்டால் கப்பல் பட்டியலில் ஒரு முன்னோரைக் கண்டுபிடித்த கதை

கொள்ளுத்தாத்தாவின் தமையனார் ஒருவழியாக அகப்பட்டுவிட்டார். ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு, அதாவது இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிக்குப் போனவர் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் எங்கள் வம்சாவளித் தாளில் வெறும் கேள்விக்குறியோடு நின்றிருந்தவருக்கு, இப்போது காலனி எண் (அங்கே இறங்கிய ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்த பதிவு எண்), கப்பல், வயது, உயரம், வேலைக்கு அமர்த்தப்பட்ட இடம் எல்லாம் சேர்ந்துவிட்டன. அவர் இத்தனை காலம் அகப்படாததற்குக் காரணம் அவர் பட்டியலில் இல்லாததன்று. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் பிற்காலத்தில் படியெடுத்தவர் வேறு எழுத்தாகப் படித்ததுதான். இதே வலையில் மாட்டிக்கொண்டிருக்கும் பிறருக்கு உதவும் என்பதால் அந்த ஓர் எழுத்தைப் பற்றியே இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

நம் நாட்டுச் சென்சஸில் முன்னோரைத் தேட முடியாது என்பது இந்தத் துறையில் இறங்கிய எவருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். 1871-72 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தும், வீடுவாரியாகப் பெயர் எழுதிய தாள்கள் கூட்டல் முடிந்ததும் பயனற்றவையாகிவிட்டன. நமக்கு மிஞ்சியவை தொகைகள் மட்டுமே. இங்கிலாந்தில் நூறாண்டு கழிந்ததும் வீட்டுத் தாளையே எடுத்துக் காட்டுகிறார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சல் வருகிறது. ஆனாலும் கடல் கடந்து ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911இல் அந்த முறை நின்றுபோகும் வரை நேட்டாலில் இறங்கிய 1,52,184 பேரும் எண்ணிடப்பட்டு, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் நிலைய எல்லை), கிராமம், உயரம், உடல் அடையாளம் என்று பத்தி பத்தியாக எழுதிவைக்கப்பட்டார்கள். ஆளைச் சரக்காக எண்ணிய பதிவேடுதான் அது. ஆயினும் ஏழை உழவனின் பெயரைத் தகப்பன் பெயரோடும் ஊரோடும் சேர்த்து எழுதிய இதற்கு இணையான ஆவணம் அக்கால வட ஆர்க்காட்டில் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இவற்றைக் கணினியில் தேடும்படி ஆக்கியிருப்பதால் வீட்டிலிருந்தபடியே முதல் சல்லடையைப் போட்டுவிடலாம்.

என் கையில் இருந்த ஆதாரம் 1921ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று. கொள்ளுத்தாத்தா எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரத்தில், “வட ஆற்காடு ஜில்லா குடியாத்தம் தாலுகா மேல்பட்டியிலிருக்கும் கெங்கன் குமாரன்” என்று தொடங்கி, நிலத்தின் வரலாற்றைச் சொல்லும் இடத்தில், “என் தமையன் முனுசாமி நேட்டாலுக்குப் போய் வெகுகாலமாய் யாதொரு தகவலும் இல்லாதபடியால்” என்று ஒரு வரி வருகிறது. ஏழாண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்ற சாட்சியச் சட்டத்து விதியை மனத்தில் வைத்துப் பத்திர எழுத்தர் சேர்த்த வரியாக இருக்க வேண்டும். கிரயம் வாங்கியவருக்கு அது ஒரு காப்பு. எனக்கோ அது மூன்று தலைமுறை தாண்டி வந்த வாக்குமூலம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் அட்டவணையைப் பார்க்க ஆண்டு தெரியாமல் போனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகத் தேடுகட்டணம் கட்ட நேரிடும். ஆகவே முதலில் வீட்டுப் பெட்டியில் பழைய வில்லங்கச் சான்று ஏதேனும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது பைக்கு நல்லது. பெட்டியில் பத்திரம் கிடைத்தால் தயவுசெய்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் மையும் காகிதமும் பாழாகும், பிறகு பிரிக்கவும் முடியாது. பாரிமுனைப் பக்கத்துக் காகிதக் கடைகளில் அமிலமற்ற தாள் கேட்டு வாங்கி, இடையிடையே வைத்து, மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வைத்தாலே போதும்.

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்தது, அவர் தாது வருஷப் பஞ்சத்தில் போனார் என்பது. வட ஆர்க்காட்டில் ஊரைவிட்டுப் போன எவரையும் தாது வருஷத்தோடு முடிச்சுப்போடுவது வழக்கம். பஞ்சம் அத்தனை ஆழமாகப் பதிந்துவிட்டது. ஆனால் அந்தப் பஞ்சம் 1876-78. கொள்ளுத்தாத்தாவின் மூத்த பிள்ளை பிறந்தது 1912 என்பதற்குப் பள்ளிச் சான்று இருக்கிறது. பஞ்சத்தின்போது அண்ணன் கப்பலேறும் வயதினராக இருந்திருந்தால், தம்பி அவருக்கு ஏறக்குறைய மகன் வயதினராக இருந்திருக்க வேண்டும். நடக்கக்கூடாத காரியமன்று என்றாலும், 1895க்கும் 1911க்கும் இடையில் தேடுவதே முறை என்று முடிவு செய்தேன்.

முனுசாமி என்ற பெயரை அப்படியே போட்டுத் தேடுவது வீண். பட்டியலில் ‘மூன்சாமி’, ‘முன்னுசாமி’, ‘முனிசாமி’, ‘மோனிசாமி’ என்று எழுத்தருக்கு ஓர் எழுத்துக்கூட்டு. வட ஆர்க்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களில் அந்தப் பெயர்க்காரர்களுக்கு அளவே இல்லை. சாதிப் பத்தியைக் கொண்டு வடிகட்டுவதும் ஆபத்து. கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் எழுத்தர் காதில் விழுந்ததை, சில சமயம் தமக்குத் தோன்றியதையும் எழுதினார்; வந்தவர்களில் சிலரும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிச் சொன்னார்கள். ஆகவே அரிதான பெயர் எதுவோ அதைப் பிடித்துக்கொள்வதே வழி. எனக்கு வாய்த்த அரிய பெயர் கெங்கன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும் குடியாத்தம் பக்கத்தில் அது பழகிய பெயர்தான் என்றாலும், பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிலரே தேறுவார்கள். கெங்கன், கங்கன், கெங்கா, ஜெங்கன் என்று ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் முதல் மூன்று எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடினேன். தகப்பன் பெயர் அப்படி அமைந்த எவரும் முனுசாமியாக இல்லை. இங்கேதான் தேடல் நெடுநாள் நின்றுபோயிற்று.

கதவு திறந்தது ஊர்ப் பத்தியின் வழியாக. தகப்பன் பெயரை விட்டுவிட்டு, வட ஆர்க்காடு ஜில்லாவில் ‘மெல்’ என்று தொடங்கும் ஊர்களையெல்லாம் எடுத்து, முனுசாமி வகையறாக்களை மட்டும் தனித் தாளில் ஒதுக்கினேன். அவர்களில் ஒருவர், 1900களின் தொடக்கத்தில் ‘உம்லாசி’ கப்பலில் போனவர், வயது இருபத்திரண்டு, ஊர் ‘மெல்பாடி’, தாணாப் பத்தி வெற்றிடம், தகப்பன் பெயர் ‘ரெங்கன்’. ரெங்கன் என்பது தெருவுக்கு ஒருவர் வைத்துக்கொள்ளும் பெயர் என்பதால் எவரும் அதை ஐயுற மாட்டார்கள். பிழை பிழையாகத் தெரிந்தால் திருத்தலாம், நல்ல பெயராகவே வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? ஆங்கிலக் கூட்டெழுத்தில் ‘கே’க்கும் ‘ஆரு’க்கும் உள்ள நெருக்கத்தை நினைத்ததும் மூலப் பக்கத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. டர்பனில் இதே பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கும் தோழி ஒருவர் ஆவணக் காப்பகத்துக்குப் போய், கேட்ட வரியை மட்டுமல்லாமல் முன்னும் பின்னுமாக முழுப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினார். முழுப் பக்கம் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓர் எழுத்தைத் தனியே வெட்டிப் பார்த்தால் எதுவும் புலப்படாது. அதே கை எழுதிய அதே எழுத்துகளோடு அடுக்கிப் பார்க்க வேண்டும்.

அப்படித்தான் செய்தேன். அந்தப் பக்கத்தில் ஐயத்துக்கு இடமில்லாத ‘கே’க்களாகக் குப்பன், குப்பம்மா, கண்ணன் ஆகிய பெயர்களையும், ஐயத்துக்கு இடமில்லாத ‘ஆர்’களாக ராமன், ராமசாமி, ரங்கம்மா ஆகிய பெயர்களையும் வெட்டி எடுத்து இரண்டு வரிசையாக ஒட்டினேன். இந்த எழுத்தர் ‘ஆர்’ எழுதும்போது தண்டிலிருந்து பேனாவை எடுக்காமல் மேலே ஒரு வட்டம் சுற்றி, அதை மூடி, தண்டைத் தொட்டுக்கொண்டு காலை இழுக்கிறார். ‘கே’ எழுதும்போது தண்டை முடித்துப் பேனாவை எடுத்துவிட்டு, வலப்பக்கம் மேலிருந்து உள்நோக்கி ஒரு கோடு போட்டு, தண்டின் நடுவில் சின்னக் கண்ணி ஒன்றை முடிந்து, கீழே காலை வீசுகிறார். மேற்கோட்டின் நுனி சற்றே வளைந்து தண்டின் உச்சியை நோக்கிச் சாய்வதால் அவசரத்தில் பார்ப்பவர்க்கு அது மூடிய வட்டம் போலத் தெரியும். தகப்பன் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது உச்சியில் மயிரிழை இடைவெளி இருந்தது. நடுவில் கண்ணியும் இருந்தது. குப்பன் வரிசையில் அது ஒட்டிக்கொண்டது, ராமன் வரிசையில் ஒட்டவில்லை. ரெங்கன் அன்று, கெங்கன்.

அடுத்த சிக்கல் ஊர். ‘மெல்பாடி’ என்பது மேல்பட்டியா, பொன்னை ஆற்றங்கரையில் சோழர் கோயில் இருக்கும் மேல்பாடியா? இரண்டும் அன்றைய வட ஆர்க்காட்டிலேயே இருந்தவை. இதற்கு விடை அடுத்தடுத்த எண்களில் இருந்தது. ஒரே ஊரிலிருந்து ஆள் சேர்த்த முகவரோடு சேர்ந்து வந்தவர்கள் பெரும்பாலும் பதிவேட்டிலும் சேர்ந்தே நிற்பார்கள் என்பதால், நமக்கு வேண்டிய எண்ணுக்கு மேலும் கீழும் ஒரு பத்து வரியையாவது படிக்காமல் விடக்கூடாது. இங்கே முனுசாமிக்கு அடுத்த எண்காரரின் ஊர் ‘மெல்புட்டி’, தாணா ‘கூடியாதம்’. அதற்கடுத்தவர் பக்கத்து ஊரான வளத்தூர்க்காரர், அவருக்கும் தாணா அதுவே. எழுத்தர் முதல் ஆளுக்கு ஒரு விதமாகவும் அடுத்தவருக்கு வேறு விதமாகவும் கேட்டு எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரை அடையாளம் காண நான் மிகவும் நம்புவது 1961 சென்சஸின் மாவட்டக் கையேட்டில் உள்ள தாலுகாவாரிக் கிராமப் பட்டியலைத்தான். ஆளைத் தேடப் பயன்படாத சென்சஸ் ஊரைத் தேட இப்படிக் கைகொடுக்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: 1911இல் சித்தூர் ஜில்லா பிரிந்தபோது வட ஆர்க்காட்டின் சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுகாக்கள் அங்கே போய்விட்டன. கப்பல் பட்டியலின் காலத்தில் அவையும் வட ஆர்க்காடுதான். தமிழகப் பட்டியலில் ஊர் கிடைக்காவிட்டால் கைவிட்டுவிடாமல் எல்லைக்கு அப்பாலும் தேட வேண்டும்.

உயரம், தழும்பு ஆகிய பத்திகளை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. ஒப்பிட நம்மிடம் எதுவும் இல்லையே. ஆனாலும், அவர் ஐந்தடி மூன்றங்குலம் என்றும் இடது முழங்காலில் தழும்பு என்றும் படித்தபோது, இது யாரோ நின்று அளக்கப்பட்ட உடம்பு என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை.

இனி அடுத்த கட்டம். அவரை அமர்த்தியது நேட்டால் அரசு ரயில்வே என்பது ஒருவகையில் தலைவலி. கரும்புத் தோட்டத்துக்குப் போனவராக இருந்தால் அந்த வட்டாரத்துப் பதிவுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். ரயில்வேக்காரரை டர்பன் முதல் லேடிஸ்மித் வரை எங்கு வேண்டுமானாலும் அனுப்பியிருப்பார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அவர் முன் மூன்று வழிகள் இருந்தன: ஊர் திரும்புவது, மறு ஒப்பந்தம் எழுதுவது, ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்டிக்கொண்டு அங்கேயே தங்குவது. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில்கூட மாதக் கூலி பதினான்கு ஷில்லிங்தான். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங், நான்கு மாதக் கூலியைவிட அதிகம். 1914இல் வரி நீங்கும்வரை சும்மா தங்கியிருப்பது எளிதன்று. ஆகவே முதலில் மறு ஒப்பந்தப் பதிவு, அடுத்து இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்துத் திருமணப் பதிவு, பிறகு பிள்ளைகளின் பிறப்புப் பதிவு என்ற வரிசையில் தேட இருக்கிறேன். அங்கே இந்தியர்களின் பதிவுகளில் பெற்றோரின் காலனி எண்ணையும் எழுதிவந்ததால், இனிமேல் எழுத்துக்கூட்டின் தொல்லை பெருமளவு ஓயும். எண் ஒன்றே கயிறாக இழுத்துக்கொண்டு போகும். இறந்தவர் சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. கூலிக்காரருக்குக் கோப்புத் திறந்திருப்பார்களா என்பது ஐயமே என்றாலும், கடனோ சேமிப்போ சிறிது இருந்தால் திறந்திருக்கக்கூடும்.

பணத்துக்குத் தேடித்தரும் முகவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, நான் ஏற்கெனவே இணையத்தில் பார்த்திருந்த அதே படியெடுப்பு வரியை அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பினார், ‘ரெங்கன்’ உட்பட. மூலப் பக்கத்தின் படம் தருகிறீர்களா என்று எழுத்தில் உறுதி பெறாமல் எவருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

கிடைத்ததையெல்லாம் ‘கிராம்ப்ஸ்’ என்னும் வம்சாவளி மென்பொருளில் ஏற்றிவருகிறேன். இலவசம், தமிழ் எழுத்தும் சிக்கலின்றி ஏறுகிறது. ஒருவருக்கு எத்தனை மாற்றுப்பெயர் வேண்டுமானாலும் சேர்க்க இடமுண்டு என்பதால் முனுசாமியின் எழுத்துக்கூட்டுகள் அனைத்தையும் அவர் பெயருக்குக் கீழேயே போட்டுவிட்டேன். இந்த வேலை முடியும் முன்பே, மலாயாவுக்குக் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துப் போகும் மேஸ்திரி) வழியாகப் போன இன்னொரு பாட்டனாரின் பக்கம் மனம் தாவிவிட்டது. அங்கே காலனி எண் போன்ற கயிறு இல்லை. தோட்டத்துச் சம்பளப் பதிவேடு எங்கேனும் மிஞ்சியிருந்தால்தான் உண்டு. அதற்கு முன், முனுசாமிக்கு அடுத்த எண்ணில் நிற்கும் அந்த மேல்பட்டிக்காரர் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊரில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வீட்டாரும் உறவினராக இருந்தால், நேட்டாலில் ஒருவருடைய திருமணப் பதிவில் மற்றவர் சாட்சிக் கையெழுத்து இட்டிருக்க வாய்ப்புண்டு. அந்த எண்ணையும் டர்பன் தோழிக்கு அனுப்பியிருக்கிறேன்.