கிளையை எண்ணுவது கடைசி வேலை

கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டைக்கு வருபவர்களுக்குக் கைடாக இருக்கிறேன். முகாமுக்கு வந்து இறங்கியதுமே பலரும் கேட்பது, "ஆறுக்கு ஆறு கிடைக்குமா?" என்றுதான். பக்கத்துக்கு ஆறு முனை உள்ள ஆண் வேண்டும் என்கிறார்கள். நான் கடைசியில் பார்ப்பது அந்த எண்ணிக்கையைத்தான். நல்ல மேய்ச்சல் கிடைத்தால் நாலைந்து வயதிலேயே ஆறு முனை வந்துவிடும். ஆனால் கொம்பு உச்சத்துக்கு வர எட்டு ஒன்பது வயதாவது ஆக வேண்டும்.

சட்டத்துக்கு எண்ணிக்கை போதும். இங்கே பல பகுதிகளில் ஒரு கொம்பிலாவது நாலு முனை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்கு மேலே முன்னோக்கி வரும் முதல் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். அதைத் தாண்டித்தான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

நான் முதலில் உடம்பைப் பார்ப்பேன். இளசுக்குக் கால் நீளமாகத் தெரியும், வயிறு ஒட்டியிருக்கும். வயதானதுக்குக் கழுத்தும் மார்பும் கனத்து, வயிறு தொங்கி, முதுகு லேசாகக் குழிந்திருக்கும். அப்புறம் தண்டின் நீளம், அதாவது கிளைகள் எல்லாம் பிரியும் கொம்பின் முக்கியத் தண்டு. தலையைத் தூக்கிக் கூவும்போது கொம்பு நுனி பின்தொடைப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். ஐம்பது அங்குலத் தண்டு என்றால் பெரிய மான்தான். நாலாவது கிளைதான் பெரும்பாலும் மிக நீளம். மூன்றாவது பல மான்களில் குட்டையாகவே நின்றுவிடும். அதுவும் நீண்டிருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். நம்மை விட்டு விலகி ஓடும் மானை மட்டும் எடை போடக் கூடாது. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாக் கொம்பும் பிரம்மாண்டமாகத்தான் தெரியும்.

இதையெல்லாம் பார்க்கக் கிடைப்பது, ஆஸ்பென் மரங்களின் இடைவெளியை மான் கடக்கும் சில நொடிகள்தான்.

ஒரு அக்டோபர் காலையில், ஃபிளாட் டாப்ஸ் பீடபூமிச் சரிவில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். கீழே இரண்டு ஆண்கள். ஒன்று ஆறுக்கு ஆறு, இரு பக்கமும் ஒரே அளவு, வெள்ளை நுனிகள் வெயிலில் மின்னின. ஆனால் வயிற்றுக் கோடு நேராக இருந்தது, இளசு. மற்றது சண்டையில் வலப்பக்க நாலாவது கிளையைப் பாதியில் முறித்துக்கொண்ட கிழ ஆண். "அந்தப் பெரியவரை எடுத்துக்கொள்கிறேன்" என்றார் அவர். அவர் சுட்டு அது விழுந்ததும், அருகில் போய் வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பற்கள் கிட்டத்தட்ட ஈறு வரைக்கும் தேய்ந்திருந்தன. வரப்போகும் பனிக்காலத்தில் அது என்னத்தை மென்று பிழைத்திருக்கும்?

அளவுப் புத்தகத்தில் அந்த மானுக்கு இடமில்லை. வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்யும் அமெரிக்கச் சங்கமான பூன் அண்ட் கிராக்கெட் கணக்கில் சீரான கொம்புக்கு 375 புள்ளி வந்தால்தான் நிரந்தரப் பட்டியலில் சேர்ப்பார்கள். இரு பக்கக் கிளைகளின் நீளம் வேறுபட்டால் அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடுவார்கள். ஜான் புளூட் 1899ல் இதே கொலராடோவின் டார்க் கேன்யனில் சுட்ட மானுக்கு 442 3/8 புள்ளி. பல காலம் உலக சாதனையாக இருந்த அதை, 1968ல் அரிசோனாவில் சுட்ட மான் ஒன்று முந்தியது, வெறும் கால் புள்ளியில். அளப்பவர்களின் கவனத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு மான் உயிரோடு சண்டை போட்டதற்காகப் புள்ளியைக் குறைக்கும் கணக்கை வைத்து எதைச் சுடுவது என்று முடிவெடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால் முதல் நாள் இரவே கேட்டுவிடுகிறேன்: எந்த மானோடு திருப்தியாக வீட்டுக்குப் போவீர்கள்? பதில் வெறும் எண்ணாக இருந்தால், அடுத்த நாள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டு, பைனாகுலரோடு மட்டும் காலை முழுக்க மான்களைப் பார்க்க வைக்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சரி, சுளிக்கட்டும். இறைச்சியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துப் போவது இங்கே கடுமையான குற்றம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். முந்நூறு கிலோ மானைத் துண்டு போட்டுக் குதிரையில் ஏற்றும்போது அவர்களும் கூட நிற்க வேண்டும்.