முத்தையன்கட்டுக் கிறவலும் 199 கிலோவும்

முதலில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்த கணக்கை எழுதிவிடுகிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு நாளுக்கு 8,000 ரூபா என்றுதான் பேச்சு. பின்னேரம் பைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனால் வாடகைக்காரர் 13,500 கேட்கிறார். ஹெல்மெற் இரண்டுக்கும் 1,000, கழுவுகிற கூலி 500, நாற்பது நிமிடம் பிந்தியதற்கு அரைநாள் வாடகை 4,000. இதில் ஒன்றையாவது காலமை வாய் திறந்து சொல்லவில்லை. கிறவல் (சரளைக் கல்) றோட்டில் பைக்கை விழுத்தியதில் முன் கம்பியில் ஒரு கீறல் விழுந்தது உண்மை. அதை நானே காட்டினேன். அதற்குக் காசு கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன். அவர் அதை விட்டுவிட்டு, முதலே வெடித்திருந்த பக்கக் கண்ணாடிக்குக் காசு கேட்டார். மச்சான் காலமையே பைக்கைச் சுற்றி எடுத்த வீடியோ கைத்தொலைபேசியில் இருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் கண்ணாடிக் கதையை நிறுத்தினார். மற்றக் காசு முழுக்கப் போய்விட்டது. வாடகைக்கு எடுக்கிறவர்கள் வீடியோ எடுங்கள். எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும், ஹெல்மெற்றுக்குத் தனிக் காசா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. பிரான்சில் இருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்தான். அங்கே அவன் வைத்திருப்பது யமஹா எம்டி-07. வந்த நாள் தொடக்கம் ஒரே பாட்டு: "அத்தான், ஒரு நாளைக்கு மோட்டார் சைக்கிளில வன்னி முழுக்கச் சுத்தவேணும்." என்னிடம் இருப்பது பல்சர் 150. அதில் இரண்டு ஆம்பிளைகள் ஏறிக் கிறவலில் ஓடினால் முதுகு கழன்றுவிடும். அதனால் றோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். என் கூட்டாளி ஒருவன் தன் பழைய ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஜாவை ஒரு சதமும் வாங்காமல் தந்தான். பெற்றோல் மட்டும் நிரப்பிக் கொடு என்றான். பாஜாவின் தாங்கி 14 லீற்றர், ஹிமாலயனுடையது 15. இரண்டையும் நிரப்பும்போதே என் கையில் இருந்த காசில் பாதி போய்விட்டது.

கிளிநொச்சியில் இருந்து ஏ9 வழியே முறிகண்டி. பிள்ளையாரைக் கும்பிட்டு, இரண்டு பை கச்சான் வாங்கிக்கொண்டு மாங்குளம். இந்தத் துண்டில் எழுத ஒன்றுமில்லை. கார்ப்பெற் றோட்டில் எல்லா மோட்டார் சைக்கிளும் நல்ல மோட்டார் சைக்கிள்தான். ஹிமாலயன் எண்பதில் போகும்போது பெரிய கதிரையில் சாய்ந்திருப்பது போல இருக்கிறது. சோளகக் காற்று பக்கத்தில் இருந்து அடித்தபோது பாஜாவில் இருந்த நான் ஆடிப்போனேன், அவன் அசையவில்லை. அதுவரை ஹிமாலயன்தான் நல்லது என்று நானும் நினைத்தேன்.

மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டான். தான்தோன்றீசுவரர் கோயிலடியில் பைக்கை மாற்றிக்கொண்டு முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் இறங்கினோம். இப்போது ஹிமாலயன் என்னிடம்.

கிறவல் றோட்டு மழைக்குச் சேறு, வெயிலுக்குத் தூள். எங்களுக்குத் தூள். அதற்கு மேலே உழுந்தளவு சிவப்புக் கல் பரவிக் கிடக்கும். அதில் ரயர் உருளாது, மிதக்கும். ஒரு வளைவில் யானை லத்தி கிடந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. அதைப் பார்த்த பதற்றத்தில் முன் பிரேக்கை ஒரு விரல் கூடுதலாக அழுத்திவிட்டேன். முன் சில்லு ஒரு சாண் விலகியது. காலை ஊன்றினேன். பல்சர் என்றால் கால் தாங்கியிருக்கும். ஹிமாலயன் பெற்றோலோடு 199 கிலோ. அது சாயத் தொடங்கினால் காலால் பிடிக்க முடியாது, விட்டுவிட்டு விலகத்தான் வேண்டும். விலகினேன். பைக் படுத்துவிட்டது.

எனக்கு ஒன்றுமில்லை, உள்ளங்கை மட்டும் உரஞ்சிவிட்டது. ஆனால் தூக்குவதற்கு நான் பட்ட பாடு! கல்லில் சப்பாத்து வழுக்குகிறது, ஹான்டிலைப் பிடித்து இழுத்தால் முழுப் பாரமும் திரும்பிக் கீழே போகிறது. மச்சான் ஓடிவந்து, "அத்தான், முன்னுக்கு நிண்டு இழுக்காதேங்கோ, சீற்றுக்கு முதுகைக் குடுத்து, காலால தள்ளி எழும்புங்கோ" என்று காட்டித் தந்தான். அப்படியும் இரண்டு பேர் தேவைப்பட்டது. யானை லத்தி அங்கேயே கிடக்க, இரண்டு பேரும் காட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் தூக்கினோம்.

அப்புறம் மச்சானோடு மாற்றிப் பாஜாவை நான் எடுத்துக்கொண்டேன். அதே றோட்டு, அதே கல். ஆனால் வேறு உலகம். முன்னுக்கு 21 அங்குலச் சில்லு, ஹிமாலயனிலும் அதேதான். ஆனால் இந்தப் பைக் அதைவிட அறுபது கிலோவுக்கு மேலே குறைவு. முன் சில்லு வழுக்கினால் இடுப்பை ஒரு பக்கம் சரித்தால் போதும், தானாக நேராகிறது. எழுந்து நின்று ஓடினால் கிடங்கெல்லாம் முழங்காலோடு முடிந்துவிடுகிறது. ஒற்றைச் சிலிண்டர், காற்றில் ஆறும் 249 சிசி எஞ்சின், முன்னால் இரண்டு பெரிய வட்ட லைற். சீற் மட்டும் உயரம், நிறுத்தும்போது எனக்கு நுனிக்கால்தான் நிலத்தில் பட்டது. அது ஒரு குறைதான். ஆனால் விழுந்தாலும் ஒருவராகத் தூக்கலாம் என்ற தைரியம் இருந்தால் நுனிக்கால் பெரிய விஷயமில்லை.

குளக்கட்டில் மருத மர நிழலில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டு கதைத்தோம். அங்கேதான் மச்சான் சொன்ன கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. அவனுடைய எம்டி-07 இரண்டு சிலிண்டர், 689 சிசி. பெற்றோல், எண்ணெய் எல்லாம் சேர்த்து 184 கிலோ. அதாவது 411 சிசி ஹிமாலயனைவிட 15 கிலோ குறைவு! வலு மூன்று மடங்கு. என்னால் முதலில் நம்ப முடியவில்லை, பெரிய எஞ்சின் என்றால் பாரம் என்றுதான் இவ்வளவு நாளும் என் எண்ணம். 2014இல் அந்த பைக் வந்தபோது ஐரோப்பாவில் அவ்வளவு பேர் அதற்குப் பின்னால் போனதற்குக் காரணம் வேகம் இல்லை, இந்தப் பாரக் குறைவும் விலையும்தான் என்கிறான் அவன். பிரான்சில் புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்கள் முதல் இரண்டு வருடம் 35 கிலோவாற்றுக்கு மேலே வலுவுள்ள பைக் ஓட முடியாது. அவனும் வலுவைக் குறைத்துப் பூட்டிய எம்டி-07ஐ இரண்டு வருடம் ஓடி, ஏழு மணித்தியாலப் பயிற்சி எடுத்த பிறகுதான் பூட்டைத் திறந்தானாம். அதே பைக், புதிதாக ஒன்று வாங்கத் தேவையில்லை. காசைப் பார்த்துச் செலவழிக்கிற எனக்கு அந்த ஏற்பாடு நன்றாகப் பிடித்தது.

எஞ்சினைப் பற்றியும் கேட்டேன். கச்சான் கோதை மணலில் வரிசையாக வைத்து விளக்கினான். கிராங் (பிஸ்ரனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) 270 பாகையில் அமைந்திருப்பதால் இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காதாம். ஒன்று வெடித்து 270 பாகையில் மற்றது, பிறகு 450 பாகை ஓய்வு. அந்த இடைவெளியில் பின் ரயர் நிலத்தைப் பிடிப்பது கைக்குத் தெரியும், கீழ்க் கியரைத் தேடாமலே இழுக்கும் என்றான். "ஆனா அத்தான், அதை இந்தக் கிறவலில விட்டா இரண்டாவது வளைவிலயே நானும் படுத்திருப்பன். அது தார் றோட்டுக்குப் பிறந்தது" என்று அவனே சொன்னான். அந்த நேர்மைக்காகவே அவன் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்பினேன்.

திரும்பி ஒட்டுசுட்டானுக்கு ஏறும்போது ஹிமாலயனின் பின் சில்லு காற்றுப் போய்விட்டது. ரியூப் ரயர். தள்ளிக்கொண்டு போன ஒன்றரைக் கிலோமீற்றரையும் அந்த 199 கிலோவையும் மறக்கவே முடியாது. றோட்டோரம் தகரக் கொட்டிலில் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிற ஐயா ஒருவர் இருந்தார். நடு ஸ்ராண்ட் இருந்ததால் சில்லைக் கழற்றுவது சுகமாக இருந்தது, ஹிமாலயனுக்கு அந்தப் புள்ளியைக் கொடுக்கத்தான் வேண்டும். ஐயா ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் ஈர்க்குக் குச்சியால் அடையாளம் வைத்து, அரத்தால் உரஞ்சி, ஊதி, பசை பூசினார். பசை காயும்வரை விரல் நகத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவசரப்படவே இல்லை. ரயருக்குள் கை விட்டுத் தடவி, ஒன்றரை அங்குல ஆணியை எடுத்து என் கையில் வைத்தார்.

அவருடைய சிவப்பு எம்டி-90 கொட்டிலுக்குள் நின்றது, ஜப்பானில் தபால்காரர் ஓடிய அதே ஹொண்டா. போர்க்காலத்தில் பெற்றோல் தடை இருந்தபோது தான் ஓடிய சி-90ஐப் பற்றிச் சொன்னார். எஞ்சின் உயிர் பெற மட்டும் நாலு துளி பெற்றோல், பிறகு முழுக்க மண்ணெண்ணெய். புகை கண்ணைக் கரிக்கும், ஆனாலும் நெல் மூட்டை, பிள்ளைகள், நோயாளி என்று எல்லாரையும் அதுதான் ஏற்றி இறக்கியது. "தம்பி, ஓடுறது பெரிசில்லை. சேத்துக்குள்ள இறுகினா தனி ஆளாத் தூக்கி வெளியில வைக்கவேணும். அதுதான் சைக்கிள்" என்றார். கூலி 400 ரூபா. 500 கொடுத்தால் மிச்சத்தைக் கையில் திணித்துவிட்டார். பின்னேரம் வாடகைக்காரரிடம் நின்றபோது எனக்கு இவருடைய முகம்தான் நினைவில் வந்தது.

முல்லைத்தீவில் சாப்பிட்ட சாப்பாட்டை எழுதாவிட்டால் பாவம். கடற்கரைக்குப் போகும் வழியில் நாலு மேசை போட்ட சின்னக் கடை. சிவப்புப் பச்சையரிசிச் சோறு, பாரை மீன் குழம்பு, சுறா வறை, முருங்கையிலை, மரவள்ளிக்கிழங்குக் கறி, பொரித்த மோர்மிளகாய். சுறா வறையில் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் இன்னும் பச்சை வாசத்தோடு இருந்தன. அதைத் தனியாகவே இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். இருவருக்கும் 1,300 ரூபா. மச்சான் ஒன்றும் பேசவில்லை, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். பிரான்சில் இதற்கு என்ன விலை என்று கேட்டேன். "காசு குடுத்தாலும் இல்லை" என்றான்.

வரும்போது முள்ளியவளை, வற்றாப்பளை. கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் முடிந்து சனம் கலைந்திருந்தது, மணலில் பொங்கல் அடுப்புக் கரி மட்டும் கிடந்தது. அங்கிருந்து கேப்பாப்பிலவு வழியே வந்தால் வலப்பக்கம் நந்திக்கடல். பைக்கை நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். இருவரும் ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றோம். அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் கதை கதைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

புதுக்குடியிருப்பு தாண்டி ஒரு பிள்ளை பாலைப்பழம் விற்றுக்கொண்டு நின்றது. ஒரு சுண்டு 200 ரூபா. மச்சான் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு சாப்பிடுகிறானாம். பால் பிசுபிசுத்து உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ள, அப்படியே ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு பரந்தன் வரை ஓடினான். அந்த நாற்பது நிமிடம் பிந்தியது இந்தப் பாலைப்பழத்தால்தான்.

இரவு பாஜாவைக் கழுவித் துடைத்து, தாங்கி நிரப்பிக் கூட்டாளியிடம் கொண்டுபோய் விட்டேன். விற்கிறதென்றால் என்ன விலை சொல்வாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் திறப்பை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பல்சரை விற்றால் எவ்வளவு வரும், சீட்டுக் காசு எப்போது கைக்கு வரும் என்று மனைவியோடு கதைக்கத் தொடங்கியிருக்கிறேன்.